அறுபட்ட மூக்கும் ஆக்கப்பட்ட மூக்கும்

மானத்தை மூக்கில் வைத்துப் பேசுவது நம்மவர் வழக்கம். அவமதிக்கப்பட்டவனை ‘மூக்கறுபட்டான்’ என்கின்றோம். வாதத்தில் தோற்றவனை ‘மூக்குடைபட்டான்’ என்கின்றோம். தங்கை சூர்ப்பனகையின் மூக்கு அறுபட்டதனாலன்றோ இலங்கை வேந்தன் இராமன்மீது பகை கொண்டான்! பேச்சு வழக்கில் இன்று எஞ்சி நிற்கும் இச்சொற்கள் ஒரு காலத்தில் வெறுஞ் சொற்களாக இருக்கவில்லை. உண்மையாகவே மனிதரின் மூக்கை அறுத்தார்கள்; உண்மையாகவே அறுபட்ட மூக்கை மீண்டும் ஆக்கியும் கொடுத்தார்கள். அந்த இரண்டு வரலாறுகளையும், அவற்றின் வழியில் வளர்ந்து இன்று நம் ஊர் வைத்தியசாலைகளிலும் நடைபெறும் மூக்குச் சத்திரசிகிச்சையையும் ஒருங்கே நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை நாம் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. நம்மிடையே மூன்று வகைப் பேச்சுக்கள் உலவுகின்றன. “எல்லாம் நம் முன்னோர் அன்றே அறிந்தவையே” என்பது ஒன்று. “வைத்தியம் என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பொருள்” என்பது மற்றொன்று. “பீனிசத்துக்குக் கத்தி வைத்தால் கண் போய்விடும், மூளை கலங்கிவிடும்” என்பது மூன்றாவது. முதலாவது சோம்பலை வளர்க்கும். இரண்டாவது தாழ்வு மனப்பான்மையை வளர்க்கும். மூன்றாவது நோயை வளர்க்கும். மூன்றையும் வரலாற்றின் முன் நிறுத்திப் பார்ப்போம்.

மூக்கறுத்த காலம்

மதுரையைத் திருமலை நாயக்கர் ஆண்டகாலத்தின் இறுதியில், 1656ஆம் ஆண்டளவில், மைசூர் மன்னன் கண்டீரவ நரசராசனின் படை சத்தியமங்கலத்தின் வழியாகத் தமிழ்நாட்டினுட் புகுந்தது. அப்படையினர் கண்ணிற் பட்டோரின் மூக்கை மேலுதட்டோடு சேர்த்து அறுத்தனர். நாயக்கர் நோயுற்றிருந்த வேளையில் இராமநாதபுரத்துச் சேதுபதி படைகொண்டு வந்து மதுரையைக் காத்தார். பின்னர் மதுரைப் படை மைசூர் நாட்டினுட் சென்று அவ்விதமே பழிவாங்கியது. சரித்திரத்தில் இது ‘மூக்கறு போர்’ என்றே பெயர் பெற்றுவிட்டது. அக்காலத்தில் மதுரைப் பகுதியில் வாழ்ந்த யேசுசபைக் குருமார் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்களிலும் இக்கொடுமை குறிக்கப்பட்டுள்ளது. இரு பக்கத்திலும் மூக்கிழந்தோர் பெரும்பாலும் போருக்குக் காரணர் அல்லர். குடிமக்களும் சாதாரண வீரருமே.

தொலைவிலுள்ள கதை என்று இதனைத் தள்ளிவிட வேண்டாம். நாம் வாழும் இந்த மகாவலிக் கரையிலும் அத்தகைய நிகழ்ச்சி உண்டு. கட்டுகஸ்தோட்டை என்னும் பெயரில் உள்ள ‘தோட்டை’ ஆற்றைக் கடக்கும் துறையைக் குறிக்கும். கண்டி இராச்சியத்துக்கு மகாவலியே அகழி. அதன் துறைகளே வாயில்கள். 1803ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மேஜர் டேவியின் படை ஆற்றைக் கடக்க வழியின்றி அழிந்ததும் நமக்கு அண்மையிலுள்ள வட்டபுளுவையிலேதான். அதற்குப் பதினொரு ஆண்டுகளின் பின், 1814ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஆங்கிலேயரின் ஆட்சிப் பகுதியிலிருந்து வியாபாரத்துக்காக வந்த பத்து வணிகர் ஒற்றரெனச் சந்தேகிக்கப்பட்டு, மன்னன் ஸ்ரீ விக்கிரம ராசசிங்கனின் ஆணையால் மூக்கும் காதும் கையும் அறுக்கப்பட்டனர் என்றும், எழுவர் மாள மூவரே கொழும்பை அடைந்தனர் என்றும் ஆங்கிலேயரின் நூல்கள் கூறும். இச்செய்தியை எழுதிவைத்தவர்கள் மன்னனை வென்றவர்கள் என்பதை வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும். நாட்டைப் பிடிக்கத் தருணம் பார்த்திருந்த தேசாதிபதி பிரவுன்றிக்குக்கு இது வாய்ப்பான காரணமாயிற்று. 1815 சனவரியில் போர் தொடங்கியது. பெப்ரவரி 18ஆந் திகதி மன்னன் பிடிபட்டான். மார்ச் 2ஆந் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. வேலூருக்குக் கொண்டுசெல்லப்பட்ட மன்னன் 1832இல் அங்கேயே இறந்தான்.

ஓர் இராச்சியத்தின் முடிவோடு சில எளிய வணிகரின் மூக்குகளும் தொடர்புபட்டிருந்தன. இராச்சியத்தைப்பற்றிப் பேசாத சரித்திர நூல் இல்லை. ஆனால் அந்த மூவரும் மிச்சமுள்ள நாட்களை அந்த முகத்தோடு எவ்வாறு கழித்தனர் என்று கேட்பவர் எவருமில்லை. மூக்கிழந்தவன் சந்தைக்குப் போகமுடியாது, மணவீட்டுக்குப் போகமுடியாது, குற்றவாளி என்ற முத்திரையை நடுமுகத்தில் ஏந்தித் திரியவேண்டும். இத்துன்பத்தை உணர்ந்து, அதனை மாற்றலாம் என்று துணிந்தவர்களின் வரலாறு இனி.

சுசுருதர் சொன்ன வழி

சத்திரசிகிச்சையைப்பற்றி வடமொழியில் எழுந்த பழைய பெருநூல் சுசுருத சங்கிதை. அதன் காலத்தைப்பற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. பல நூற்றாண்டுகளில் திருத்தியும் கூட்டியும் எழுதப்பட்ட நூல் அது என்பர். அதன் சூத்திரத்தானத்துப் பதினாறாம் அத்தியாயத்தில் அறுந்த காதைப் பொருத்தும் முறைகளும், அவற்றையடுத்து மூக்கை ஆக்கும் முறையும் சொல்லப்படுகின்றன. மூக்கின் அளவுக்கு ஓர் இலையை நறுக்கி எடுக்கவேண்டும். அவ்வளவிற்குக் கன்னத்திலிருந்து தோலை, ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படி, சீவி எடுக்கவேண்டும். மூக்கின் அடிப்பாகத்தைச் சுரண்டிப் புண்ணாக்கி அதன்மேல் இத்தோலைப் பொருத்திக் கட்டவேண்டும். மூச்சு வருவதற்கு இரண்டு குழாய்களை உள்ளே வைக்கவேண்டும். பின் செஞ்சந்தனம், அதிமதுரம் முதலியவற்றின் பொடியைத் தூவிப் பஞ்சால் மூடி எள்ளெண்ணெய் விடவேண்டும் என்பது அம்முறையின் சுருக்கம்.

இதில் இரண்டு நுட்பங்கள் கவனிக்கத்தக்கன. தோலை முற்றாக வெட்டி எடுக்காது ஒரு பக்கம் ஒட்டவிடுதல் ஒன்று. அவ்வொட்டின் வழியாக இரத்தம் ஓடுவதனாலேயே தோல் அழுகாது உயிரோடிருக்கும். மூச்சுக் குழாய் வைத்தல் மற்றொன்று. வெளித்தோற்றம் மட்டும் போதாது, மூக்கு மூக்காகவே வேலை செய்யவேண்டும் என்ற எண்ணம் அதில் உண்டு. இன்றைய சத்திர வைத்தியரும் இவ்விரண்டையும் விட்டுவிடவில்லை.

இன்னொன்றையும் சொல்லுதல் வேண்டும். மாணவன் முதலில் பூசணி, சுரை முதலிய காய்களிலும், தோற்பைகளிலும், தாமரைத் தண்டுகளிலும் வெட்டியும் குத்தியும் பழகிய பின்னரே மனித உடலைத் தொடவேண்டும் என்று அந்நூல் விதிக்கின்றது. பிரேதத்தை நீரிலிட்டு ஊறவைத்து உறுப்புக்களை அறியும் முறையையும் அது கூறுகின்றது. ஆகவே ‘நம் முன்னோர் அறிந்திருந்தனர்’ என்ற பேச்சில் உண்மை உண்டு. ஆனால் அவர்கள் அறிந்தது ஞானதிருஷ்டியால் அன்று. பூசணிக்காயிலும் பிரேதத்திலும் பழகியே அறிந்தார்கள்.

பூனாவில் ஒரு குயவர்

காலம் செல்லச் செல்ல இந்நிலை மாறிற்று. பிரேதத்தைத் தொடுவது தீட்டு என்றும், கத்தி பிடிப்பது தாழ்ந்த தொழில் என்றும் எண்ணம் வளர்ந்தது. ஏடு படித்தவர் கத்தியைக் கைவிட்டார்; கத்தி பிடித்தவர் ஏட்டைப் படிக்கவில்லை. ஆயினும் கலை அடியோடு அழியவில்லை. அது எங்கே ஒளிந்திருந்தது என்பதை 1794ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்து ‘ஜென்ற்றில்மன்ஸ் மகஸீன்’ என்னும் இலண்டன் சஞ்சிகை உலகுக்குக் காட்டிற்று.

கோவாஸ்ஜி என்னும் மராத்தியர் ஆங்கிலப் படையில் எருது சாய்த்துச் செல்லும் வண்டித்தொழிலாளி. 1792ஆம் ஆண்டு யுத்தத்தில் திப்பு சுல்தானின் படையிடம் சிக்கிய அவருக்கு மூக்கும் ஒரு கையும் அறுக்கப்பட்டன. பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் மூக்கின்றி வாழ்ந்தபின், பூனாவுக்கு அருகே, செங்கல் சூளையிடும் குயவர் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புதுமூக்கு ஆக்கினார். இம்முறைச் சிகிச்சையை பம்பாய் மாகாண வைத்தியர்களான தோமஸ் குரூசோ, ஜேம்ஸ் பின்லே என்னும் இருவர் நேரிற் கண்டனர். ஜேம்ஸ் வேல்ஸ் என்னும் ஓவியர் 1794 சனவரியில் கோவாஸ்ஜியின் உருவத்தை வரைந்தார்.

அக்குயவர் செய்த வேலையைச் சஞ்சிகை படிப்படியாக விவரிக்கின்றது. மெழுகுத் தகட்டால் மூக்கின் உரு அமைத்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துச் சுற்றிக் கோடு கீறினார். அவ்வளவு தோலையும் சீவி எடுத்தார்; ஆனால் இரு கண்களுக்கு நடுவே சிறு ஒட்டை விட்டுவைத்தார். பழைய மூக்கின் தழும்பை நீக்கி, அங்கே ஒரு பிளவு வெட்டி, நெற்றித் தோலை அரைத் திருப்பாகத் திருப்பிக் கீழே கொணர்ந்து அப்பிளவிற் பொருத்தினார். தையல் இல்லை. நாம் வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டியை நீரிற் குழைத்துத் துணித்துண்டுகளிற் பூசி, ஐந்தாறு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினார். நான்கு நாட்கள் கட்டை அவிழ்க்கவில்லை. பின் நெய் தடவிய துணி வைத்தார். ஐந்தாறு நாட்கள் நோயாளி மல்லாந்தே படுத்திருக்கவேண்டும். பத்தாம் நாள் நாசித்துவாரங்கள் அடைபடாதிருக்க மெல்லிய துணித்திரி வைத்தார். இருபத்தைந்தாம் நாளளவில், புதுத்தோல் வேர்கொண்டபின், கண்களுக்கிடையேயுள்ள ஒட்டை அறுத்துவிட்டார். மூக்கு உறுதியாக நின்றது. பார்வைக்கும் இயற்கை மூக்குப்போலவே இருந்தது.

சுசுருதர் கன்னத்துத் தோலைச் சொன்னார். குயவர் நெற்றித் தோலை எடுத்தார். ஏட்டுக்கு வெளியே கலை வளர்ந்தும் இருக்கின்றது என்பதற்கு இதுவே சான்று. ஆனால் அந்த நிபுணரின் பெயர் என்ன? சஞ்சிகை சொல்லவில்லை. நோயாளியின் பெயர் இருக்கின்றது. பார்த்தவர்களின் பெயர் இருக்கின்றது. படம் வரைந்தவரின் பெயர் இருக்கின்றது. செய்தவரின் பெயர் மட்டும் இல்லை. அவர் எழுதவில்லை, அவருக்காக எழுதுவாரும் நம்மிடையே இருக்கவில்லை. தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்ற குடும்பக் கலையாக அது ஒடுங்கிக் கிடந்தது. இமயமலை அடிவாரத்துக் காங்கிராவிலும் இவ்வாறே சில குடும்பங்கள் மூக்கு ஆக்கும் தொழிலைத் தமக்குள்ளேயே பேணி வந்தன.

மேனாட்டிலும் இதே கதை

இக்குறை நமக்கே உரியது என்று எண்ணித் தலைகுனிய வேண்டியதில்லை. இத்தாலியைச் சார்ந்த சிசிலித் தீவில், 15ஆம் நூற்றாண்டில், பிராங்கா என்னும் குடும்பத்தார் மூக்கு ஆக்குவதில் பெயர் பெற்றிருந்தனர். அவர்களும் தம் வித்தையைப் பிறருக்குக் கொடாமற் காத்தனர்; அவர்களோடு அது மங்கிற்று. பொலோஞா நகரப் பேராசிரியர் தாலியாகோட்சி என்பவரே 1597இல் இதனை விரிவாகப் படங்களோடு நூலாக்கினார். அவர் மேற்கையின் தோலை எடுத்தார். தோல் ஒட்டும்வரை கையைத் தலையோடு சேர்த்துக் கட்டி, நோயாளி ஏறத்தாழ மூன்று வாரம் அந்நிலையிலேயே கிடக்கவேண்டியிருந்தது. அவருக்குப்பின் ஐரோப்பிய வைத்தியர் அதனை நம்பவில்லை. ஏளனம் செய்து மறந்தனர். ஆனால் நூல் இருந்தது. ஆகையால் தேடுவோருக்கு அது மீண்டும் கிடைத்தது.

பூனாச் செய்தியைப் படித்தவர்களுள் யோசப் கார்ப்பியு என்னும் இலண்டன் சத்திரவைத்தியர் ஒருவர். அவர் உடனே கத்தியை எடுத்துவிடவில்லை. ஆண்டுக் கணக்காகப் பிரேதங்களிற் பழகினார். இந்தியாவிலிருந்து திரும்பியோரை விசாரித்தார். தம் மாணவருக்கும் விளக்கினார். ஈற்றில் 1814ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆந் திகதி, செல்சியிலுள்ள வைத்தியசாலையில், மூக்கிழந்த ஓர் இராணுவ அதிகாரிக்கு நெற்றித் தோலால் மூக்கு ஆக்கினார். மயக்கமருந்து கண்டுபிடிக்கப்படாத காலம். நோயாளி விழித்திருக்கவே எல்லாம் நடந்தன. மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்தபோது, பக்கத்தில் நின்ற நண்பர் மூக்கு இருக்கின்றதே என்று வியந்து கூவினாராம். அடுத்த நோயாளி, 1811இல் அல்புவேராப் போரில் தன் படையின் கொடியைக் காக்கும்போது மூக்கில் வெட்டுண்ட லேதம் என்னும் வீரர்.

ஆண்டை மீண்டும் நோக்குங்கள். கண்டியில் வணிகரின் மூக்கு அறுபட்டதும் 1814இன் பிற்பகுதி; இலண்டனில் இந்திய முறைப்படி மூக்கு ஆக்கப்பட்டதும் 1814இன் பிற்பகுதி. பாரதநாட்டுக் கலை கடல் கடந்து நெடுந்தூரம் சென்றுவிட்டது. பாக்குநீரிணையைத் தாண்டி அந்த மூன்று வணிகரிடம் வரவில்லை. தூரம் தடையன்று. எழுதப்பட்டதும் அச்சிடப்பட்டதும் தூரத்தைக் கடக்கும். மறைக்கப்பட்டது அயல்வீட்டையும் அடையாது. கார்ப்பியு 1816இல் தம் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். இம்முறை இந்தியாவிலிருந்து வந்தது என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். 1818இல் பேர்ளின் நகரத்து கிராஃபே இன்னொரு நூல் எழுதினார். அதன்பின் ‘இந்திய முறை’ என்ற பெயருடனேயே அது ஐரோப்பாவெங்கும் பரந்தது.

பாரதத்துக்கும் அது புதுவடிவில் திரும்பிற்று. குசராத்திலுள்ள யூனாகட் சமஸ்தானத்தின் தலைமை வைத்தியராக இருந்த திரிபோவன்தாஸ் மோதிசந்த் ஷா என்பவர், கொள்ளையரால் மூக்கறுக்கப்பட்ட நூற்றுக்கு மேற்பட்டோருக்கு மூக்கு ஆக்கி, அவ்வனுபவத்தை 1889இல் நூலாக வெளியிட்டார். ஆங்கில வைத்தியம் கற்ற இந்தியர் ஒருவர், இந்தியக் கலையை, மயக்கமருந்தின் உதவியோடு செய்து, தம் பெயரோடு எழுதிவைத்தார். பூனாக் குயவருக்குக் கிடையாத பேறு இது.

மூக்கின் உள்ளறைகள்

இதுவரை சொன்னவை வெளிமூக்கைப்பற்றியன. மூக்குள்ளவரை சளியும் உண்டு என்பர். நம் மலைநாட்டுக் குளிரிலும் மழையிலும் பலரை வருத்துவது உள்மூக்கின் நோயாகிய பீனிசமே. தலைப்பாரம், மூக்கடைப்பு, கன்னத்திலும் நெற்றியிலும் நோவு, மணம் அறியாமை, தொண்டையிற் சளி இறங்குதல் என்பன அதன் குணங்கள்.

நம் முகத்து எலும்புகளுக்குள் காற்று நிறைந்த அறைகள் நான்கு சோடி உண்டு. கன்னத்தில் ஒரு சோடி. நெற்றியில் ஒரு சோடி. கண்களுக்கு இடையே தேன்கூடுபோற் சிறுசிறு அறைகள். மூக்கின் பின்னே ஆழத்தில் ஒரு சோடி. இவற்றின் உட்தோலிற் சுரக்கும் சளியை, கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் ஓயாது தள்ளிச் சிறு துவாரங்களின் வழியாக மூக்கினுட் சேர்க்கின்றன. தடிமனாலோ ஒவ்வாமையாலோ உட்தோல் வீங்கித் துவாரம் அடைபட்டால், உள்ளே சளி தேங்கிச் சீழாகின்றது.

கன்னத்து அறையை நத்தானியேல் ஹைமோர் என்னும் ஆங்கில வைத்தியர் 1651இல் விரிவாக எழுதினார். 1893இல் அமெரிக்கரான கால்ட்வெல்லும், 1897இல் பிரான்சியரான லூக்கும், மேலுதட்டின் உட்புறத்தை வெட்டிக் கன்ன எலும்பிற் துவாரமிட்டுச் சீழை வெளியேற்றும் சிகிச்சையைத் தனித்தனியே வெளியிட்டனர். நெடுங்காலம் இதுவே வழக்கமாக இருந்தது. முகம் வீங்கும், பல்லடி மரத்துப்போகும், சிலருக்கு நோய் திரும்பவும் வரும். பெரியோர் மனத்தில் ‘மூக்கு ஒப்பரேசன்’ என்றதும் எழும் அச்சம் பெரும்பாலும் இக்காலத்து நினைவேயாகும்.

நோய் ஏன் திரும்பிற்று? ஒஸ்திரியாவின் கிராஸ் நகரத்துப் பேராசிரியர் மெஸ்ஸர்கிளிங்கர் இதற்கு விடை கண்டார். வேறெங்கே புதுத்துவாரம் இட்டாலும், நுண்மயிர்கள் சளியை இயற்கைத் துவாரத்தை நோக்கியே தள்ளுகின்றன என்பதை அவர் காட்டினார். ஆகவே புதுவழி வெட்டுவதிற் பயனில்லை. பழைய வழியைத் திறந்துவிடவேண்டும். இங்கிலாந்தின் ஹரோல்ட் ஹொப்கின்ஸ் என்னும் பௌதிக அறிஞர் அமைத்த கண்ணாடித்தண்டுக் குழல் அதற்கு உதவிற்று. பென்சிலிலும் மெல்லிய அக்குழலை நாசியினுட் செலுத்தி, வெளிச்சத்தோடு ஒவ்வொரு மூலையையும் காணலாம். மெஸ்ஸர்கிளிங்கரின் நூல் 1978இல் வெளிவந்தது. 1980களில் அவருடைய மாணவர் ஸ்ராம்பேகரும் அமெரிக்காவில் கென்னடி என்பவரும் இம்முறையை உலகெங்கும் பரப்பினர். முகத்தில் வெட்டும் இல்லை, தழும்பும் இல்லை.

நோயாளி எதிர்பார்க்கவேண்டியவை

பீனிசம் கண்ட எல்லோருக்கும் கத்தி வேண்டியதில்லை. முதலில் மருந்து, மூக்கிற் தெளிக்கும் மருந்து, உப்புநீராற் கழுவுதல் என்பன முறையாகச் செய்யப்படும். அவற்றுக்கு அடங்காதபோதும், உள்ளே சதை வளர்ந்திருக்கும்போதும், நடுத்தண்டு வளைந்து மூச்சைத் தடுக்கும்போதும் வைத்தியர் சத்திரசிகிச்சையை ஆலோசிப்பார். அதற்கு முன் சீ.ரி. ஸ்கான் படம் எடுப்பர். கண்ணுக்கும் மூக்கறைக்கும் இடையேயுள்ள எலும்பு காகிதம்போல் மெல்லியது. மூளையின் அடித்தளமும் அண்மையிலே உள்ளது. எனவே அந்தப் படமே வைத்தியருக்கு வரைபடம். கண்ணுக்கும் மூளைக்கும் ஆபத்து உண்டு என்ற பெரியோரின் பேச்சு முழுப்பொய் அன்று. ஆனால் அது மிக அரிது. அந்த ஆபத்தை அறிந்தே வைத்தியர் வேலை செய்கின்றார்.

நோயாளி தாம் அருந்தும் மருந்துகள் எல்லாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, வைத்தியருக்கு மறைக்காமற் சொல்லவேண்டும். அஸ்பிரின் முதலியவை இரத்தப்போக்கைக் கூட்டும். எதை எப்போது நிறுத்துவது என்பதை வைத்தியரே தீர்மானிக்கவேண்டும். சிகிச்சை நாளில் வெறுவயிற்றோடு இருத்தல் வேண்டும். பெரும்பாலும் முழு மயக்கம் கொடுக்கப்படும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் வேலை முடியும். பலர் அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம்.

விழித்தெழும்போது மூக்கில் திரி வைத்திருந்தால் வாயாலேயே மூச்சுவிடவேண்டிவரும். இது பலருக்கு நோவைவிடப் பெரிய தொல்லை. அத்திரி ஒன்றிரண்டு நாளில் எடுக்கப்படும். சில நாட்கள் இரத்தங் கலந்த நீர் கசியும். கன்னமும் தலையும் பாரமாயிருக்கும். தலையணையை உயர்த்திப் படுத்தல் நன்று. இரண்டு வாரமளவும் மூக்கைச் சீறலாகாது; தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மவேண்டும்; பாரம் தூக்கலாகாது; புகைத்தல் கூடவே கூடாது. வைத்தியர் சொல்லும் நாளிலிருந்து உப்புநீராற் கழுவிவரவேண்டும். அந்நீர் கொதிக்கவைத்து ஆறிய நீராக இருத்தல் அவசியம்; ஆற்றுநீரோ கிணற்றுநீரோ அப்படியே ஆகாது. ஹடயோக நூல்கள் நேதி என்று சொல்லும் நாசிச்சுத்தியை அறிந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

சிவந்த இரத்தம் நில்லாது ஓடினாலும், பார்வை மங்கினாலோ இரட்டையாகத் தெரிந்தாலோ, கண் வீங்கினாலும், கடுங்காய்ச்சலோடு தலையிடி கண்டாலும், தெளிந்த நீர் ஒரு நாசியால் இடையறாது வடிந்தாலும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

மூச்சு மெல்ல மெல்லத் தெளியும். மணம் அறிய வாரங்கள் செல்லலாம். சதை வளரும் இயல்புடையோருக்கு அது மீண்டும் வளரக்கூடும். ஆதலால் மருந்தையும் கழுவுதலையும் இடையில் விட்டுவிடலாகாது. வெளிமூக்கைத் திருத்தும் சிகிச்சையானால் ஒரு வாரமளவு மேலே அச்சுக்கட்டு இருக்கும்; கண்களைச் சுற்றிக் கன்றிக் கறுக்கும்; வீக்கம் முற்றும் வற்றி உருவம் நிலைபெற ஓராண்டு செல்லலாம்.

கோவாஸ்ஜியை இங்கே மீண்டும் நினைத்துப் பார்க்கவேண்டும். துவாரம் அடைபடாதிருக்கத் திரி, சில நாட் படுக்கை, கட்டை அவசரப்பட்டு அவிழாமை, இருபத்தைந்து நாட் பொறுமை: இன்றைய நோயாளியிடம் கேட்பதையே குயவரும் அன்று கேட்டார். கருவி மாறியிருக்கின்றது, பொறுமை மாறவில்லை. அவர் மயக்கமருந்தின்றித் தாங்கினார்; நமக்கு அந்த வேதனையும் இல்லை.

நாம் கற்கவேண்டியது

நம் நாட்டிலும் வித்தையைத் திறந்து கொடுத்தவர் ஒருவர் உண்டு. அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியம் செய்தார். 1848 தொடக்கம் நம் இளைஞருக்கு மேனாட்டு வைத்தியங் கற்பித்தார். அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்று வைத்தியராயினர். தமிழிலேயே கற்பிக்கவேண்டுமென்று எண்ணி, அங்காதிபாதம் முதலிய வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். அவருடைய மதம் வேறு. நம்முடைய மதம் வேறு. ஆனால் அறிவை மறைக்காது நம் மொழியில் எழுதிவைத்த அந்தச் செயலை எந்த மதத்தவரும் வணங்குவர்.

முதலில் குறித்த மூன்று பேச்சுக்களுக்கும் இப்போது விடை கூறலாம். நம் முன்னோர் அறிந்தனர். ஆனால் பின்வந்தோர் பழகுவதையும் எழுதுவதையும் கைவிட்டனர். மேனாட்டார் வளர்த்தனர், ஆனால் அவர்கள் வளர்த்த பயிரின் ஒரு விதை பூனாவில் ஒரு குயவரின் கையிலிருந்து சென்றது. கத்திக்கு அஞ்சுவது இயற்கை. ஆனால் எதற்கு அஞ்சவேண்டும், எதற்கு அஞ்சவேண்டாம் என்று அறிந்தபின் அஞ்சுவதே அறிவுடைமை.

ஆதலின் நம் சங்கத்து இளைஞர் ஒரு காரியம் செய்யலாம். நம் வீட்டுப் பாட்டிமாருக்கும், ஊர்ப் பரிகாரிமாருக்கும் தெரிந்த மருந்தும் முறையும் பல உண்டு. அவற்றைக் கேட்டு, சொன்னவரின் பெயரோடும் ஊரோடும் எழுதிவைப்போம். அவற்றுள் எது பயன், எது வீண் என்பதைப் பேராதனை மருத்துவ பீடத்திற் கற்கும் நம் சகோதரர் ஆராயட்டும். பயனற்றதை விடுவோம், பயனுள்ளதை உலகுக்குக் கொடுப்போம். பூனாக் குயவரின் பெயரை இனி எவராலும் கண்டுபிடிக்க இயலாது. நம் ஊரில் உள்ள அறிஞரின் பெயராவது அவ்வாறு மறையாதிருக்கட்டும்.